சாலிம் அலியும் எங்கள் ஜெய்சால்மேர் பிரயாணமும்

நமது காலாண்டிதழில் க்ஷேத்ர யாத்திரைக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. நானும் அவற்றை ஆவலுடன் படிப்பவன்தான். இந்த முறை சற்று வேறு மாதிரியான ஒரு யாத்திரையைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறேன். கோயில் இல்லை, குளம் இல்லை, தரிசனம் மட்டும் உண்டு. அதுவும் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை.

எனக்கு 76 வயது. என் அகத்துக்காரிக்கு 71; இரண்டு முழங்காலிலும் வலி. பேரனுக்குப் பதின்மூன்று. நாங்கள் மூவரும் வருகிற குளிர்காலத்தில் புணேயிலிருந்து ஜெய்சால்மேர் போய் கானமயில் என்னும் பறவையைப் பார்ப்பதாகத் திட்டம். பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் ஜாதி இல்லை. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை கனம், கறுப்புக் குல்லாய் போட்டாற்போல் தலை, நீண்ட வெண்கழுத்து. வறண்ட புல்வெளியில் நடந்து திரியும் பறவை. கடந்த சில ஆண்டுகளின் மதிப்பீடுகளின்படி காட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 150, அல்லது அதற்கும் குறைவு. நம் சங்கத்தின் ஒரு சாதாரண ஊர்க் கிளைக் கூட்டத்தில் இதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்போம்.

இந்த வயதில் இது தேவையா என்று பிள்ளை கேட்டான். பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

தவறு முதலில். நான் தணிக்கை வேலையில் இருந்தவன். 1991 முதல் 1998 வரை ஆக்ராவில் உத்தியோகம். அங்கிருந்து பரத்பூர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. சைபீரியக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவில் தவறாமல் வந்துகொண்டிருந்த இடம் அது ஒன்றுதான். மேற்கு சைபீரியாவின் சதுப்பு நிலங்களிலிருந்து கஜகஸ்தான், ஆப்கானிஸ்தான் வழியாக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும். பால் போன்ற வெள்ளை, சிவந்த முகம், சிறகு நுனியில் மட்டும் கறுப்பு. இதைப் படத்தில் பார்த்த நாள் முதல் என் மனைவிக்கு நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஒவ்வொரு வருஷமும் திட்டம் போடுவோம். டிசம்பர் வந்தால் ஆடிட். ஜனவரியில் பொங்கலும் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளும். பிப்ரவரியில் பெண்ணுக்குப் பரீட்சை. மார்ச் பிறந்தால் கொக்கு வடக்கே கிளம்பிவிடும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழு வருஷம் சொன்னேன். கொக்கு எங்கே ஓடிவிடப் போகிறது என்றும் சொல்லியிருக்கிறேன்.

1960களின் நடுவில் அங்கே சுமார் 200 கொக்குகள் வந்துகொண்டிருந்தன. நான் ஆக்ராவுக்குப் போன சமயத்தில் அவை பத்துக்குள் சுருங்கிவிட்டன. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்து போயிற்று. அடுத்த குளிர்காலத்தில்தான் நாங்கள் தில்லியிலிருந்து ஒருவழியாகப் பரத்பூர் போய்ச் சேர்ந்தோம். பூங்காவுக்குள் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்களே வழிகாட்டிகள். எங்கள் ரிக்ஷாக்காரர் ஓரிடத்தில் இறங்கி, போன வருஷம் ஜோடி நின்ற இடத்தைக் கையால் காட்டினார். அங்கே கோரைப் புல் மட்டும் இருந்தது. அதன் பிறகு அந்தக் கொக்கு பரத்பூருக்கு வரவில்லை. திரும்பும் வழியில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பூங்காவின் வாசற்பக்கக் கடையில் அன்று வாங்கிய புத்தகம்தான் சாலிம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அரிய பறவையைப் பார்க்க எப்படித் திட்டமிட வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சாலிம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தகப்பனாரையும் மூன்று வயதில் தாயாரையும் இழந்தார். கேத்வாடியில் இருந்த தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தார்கள். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. மாமா வேட்டைப் பிரியர். மருமானுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது.

பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு நாள் சிறுவன் சாலிம் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. வழக்கமான குருவிக்கு அது கிடையாதே என்று மாமாவிடம் கொண்டு போனான். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினர். 1883-ல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்துக்கு அப்போது செயலாளராக இருந்தவர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயர். மாமா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அவரிடம் அனுப்பினார். மில்லார்ட் துரை அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரி அலமாரியாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். தோலுரித்துப் பதப்படுத்தும் கலையைக் கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னப் பையனுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு உதாரணம். நம் பேரன் பேத்திகள் ஏதாவது கேள்வி கேட்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன்.

படிப்பில் அவர் பிரகாசிக்கவில்லை என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர் பட்டம் வாங்காமலே விட்டுவிட்டார். பர்மாவில் தவோய் என்ற இடத்தில் குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைக் கவனிக்க அனுப்பினார்கள். அங்கே சுற்றிலும் காடு. கணக்குப் புத்தகத்தை விடப் பறவைகளில்தான் கவனம் போயிற்று. 1917-ல் பம்பாய் திரும்பினார். வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். ஒரு கணக்கனாக எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம். ஆனால் பாதிரியார் பிளாட்டர் என்ற தாவரவியல் அறிஞர் அவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டு, சேவியர்ஸில் விலங்கியலும் படிக்கும்படி செய்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தோடு விவாகம் நடந்தது.

அடுத்தது உத்தியோகம். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியல் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், முறையான பட்டம் இல்லை. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை, மாதம் 350 ரூபாய் சம்பளத்தில் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அவருக்கே அது அலுத்துவிட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போய், உலகப் புகழ் பெற்ற பறவையியல் அறிஞர் ஸ்ட்ரெஸ்மன் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பறவையின் காலில் வளையம் மாட்டி அதன் பிரயாணத்தை அறியும் முறையை ஹெல்கோலாந்து தீவில் பார்த்தார். 1930-ல் ஊர் திரும்பினால், பணம் இல்லை என்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

முப்பத்து மூன்று வயது, வேலை இல்லை. நம் வீடுகளில் இப்படி நடந்தால் ஊர் ஊராக விண்ணப்பம் போவோம். தம்பதிகள் பம்பாய்க்கு எதிர்க்கரையில் அலிபாக் பக்கம் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் போய்த் தங்கினார்கள். மழைக்காலம். வீட்டருகில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏணி மேல் மறைவு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்தார், எழுதினார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும். பிடித்தால் இருந்துகொள்ளும், ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். அதன் பிறகு ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்க்கும். எல்லோரும் தினசரி பார்க்கும் குருவியின் குடும்ப வாழ்க்கையை அவர்தான் முதலில் ஒழுங்காக விளக்கினார். அந்தக் கட்டுரை அவருக்கு அறிவுலகில் பெயர் வாங்கிக் கொடுத்தது. அரிய பறவையைத் தேடிப் போகுமுன் வீட்டு வாசல் பறவையைப் பார்க்கக் கற்றிருந்தார்.

பெயர் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. அப்போது அவர் போட்ட திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. சமஸ்தானங்களின் பறவைகளைப் பற்றி அதுவரை முறையான கணக்கெடுப்பு இல்லை. பிரயாணம், கூடாரம், ஆட்கள் செலவை சமஸ்தானம் ஏற்றுக்கொண்டால் போதும், தமக்கு ஊதியம் வேண்டாம் என்று கழகத்தின் மூலம் தெரிவித்தார். 1931-ல் ஹைதராபாத், 1933-ல் கொச்சி, திருவாங்கூர், பிறகு குவாலியர், இந்தூர், போபால் என்று வருஷம் வருஷமாக முகாம் போட்டார். மறையூர், பரம்பிக்குளம், தட்டேக்காடு எல்லாம் அவர் கால் பட்ட இடங்கள். தட்டேக்காட்டின் பறவை வளத்தை அவர் அன்றே அறிந்து சொன்னார். 1983-ல் அது சரணாலயமாயிற்று.

முகாம்களில் பெரும்பாலும் தெஹ்மினாவும் கூடவே இருந்தார். வசதியில் வளர்ந்த பெண்மணி, கூடாரத்தில் குடித்தனம் நடத்தினார். கணவரைப் பறவைகளை விட்டு வேறு தொழிலுக்குப் போகும்படி அவர் வற்புறுத்தவே இல்லை. 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் காலமானார். சாலிம் அலிக்கு அப்போது 42 வயது, குழந்தைகள் இல்லை. பிறகு சகோதரி வீட்டில்தான் வாசம். மறுமணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் தனியாக, பறவைகளுக்குப் பின்னால் நடந்தார். இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் ஏழு வருஷம் நான் ஒத்திப்போட்டதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

அவர் தேடிப் போன அரிய பறவைகள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஃபின் என்பவரின் பெயரைத் தாங்கிய ஒரு வகைத் தூக்கணாங்குருவி. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்த ஹியூம் துரையை நாம் அறிவோம். அவர் பெரிய பறவையியல் நிபுணரும்கூட. நைனிதால் அருகே காலாதுங்கியில் கிடைத்த இந்தப் பறவையை 1869-ல் அவர்தான் விவரித்து எழுதினார். பிறகு நெடுங்காலம் அந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. குமாவும் அடிவாரத்துத் தராய்ப் புல்வெளிகளில் 1950களில் சாலிம் அலி அதை மீண்டும் கண்டுபிடித்தார். ஹியூம் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அதே பிரதேசத்துக்குப் போய்த் தேடியதன் பலன் அது.

இரண்டாவது, இமயமலைக் காடை. அதே நைனிதால், முசூரி பகுதி. 1876-க்குப் பிறகு நம்பகமாக யாரும் பார்த்ததில்லை. அதையும் தேடிப் போனார். கிடைக்கவில்லை. இன்று வரை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போலவே கிடைக்காததையும் அவர் சங்கோசமில்லாமல் பதிவு செய்தார்.

மூன்றாவது, ஆந்திராவில் கடப்பைப் பக்கம் இருக்கும் ஓர் இரவுப் பறவை. ஜெர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1848 வாக்கில் கண்டது. தெலுங்கில் கலிவி கோடி என்பார்கள். 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். பம்பாய்க் கழகம் தேடலை விடவில்லை. கிராமங்களில் படத்தைக் காட்டி விசாரித்தார்கள். 1986 ஜனவரியில் உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவரின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. பண்டிதர்கள் 86 வருஷமாகத் தொலைத்திருந்த பறவையை அந்தக் காட்டுக்காரர் தெரிந்து வைத்திருந்தார். இந்தச் செய்தி கிடைத்தபோது சாலிம் அலிக்கு 89 வயது.

இவற்றின் நடுவே ஒரு பிரயாணம் நம் அன்பர்களுக்கு விசேஷமாகத் தோன்றும். 1945-ல் அவர் கைலாசமும் மானசரோவரும் போய் வந்தார். பறவைகளைப் பார்க்கப் போன அந்தப் பயணத்தை அவரே தீர்த்த யாத்திரை என்ற பெயரில் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். கடவுள் விஷயத்தில் சடங்குகளில் நாட்டமில்லாதவர். ஆனால் நடந்து போய்ப் பார்ப்பதற்கு அதுவே சரியான சொல் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள் மோகமும் அவருக்கு உண்டு. 1950-ல் ஸ்வீடனில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குப் போனபோது தம்முடைய சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் ஓட்டிச் சென்றார். அப்போது வயது 53.

அவருடைய நூல்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்தியப் பறவைகள் நூல் 1941-ல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வந்தது. 1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் ராஜ்யசபை நியமனம். 1976-ல் பால் கெட்டி விருதுடன் வந்த பெருந்தொகையைத் தம் கழகத்துக்குப் பயன்படும்படி கொடுத்தார். 1987-ல் தமது தொண்ணூறாவது வயதில் பம்பாயில் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் 1990-ல் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் அமைந்தது. கோவைப் பக்கத்து அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி பரத்பூருக்குத் திரும்ப வேண்டும். அந்த ஏரி மகாராஜாவின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது என்று அங்கே கல்லில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் ஏரியை வற்றவிட்டு விவசாயம் செய்ய வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. சாலிம் அலி பிரதமர் நேரு வரை கொண்டு சென்று அதைத் தடுத்தார். அதனால்தான் அந்த ஏரி மிஞ்சியது. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆயிற்று.

அதே இடத்தில் அவர் சறுக்கியும் இருக்கிறார். எருமைகள் மேய்வதால் ஏரி கெடுகிறது என்பது அவர் கருத்து. 1982-ல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் இறந்தார்கள். ஆனால் தடைக்குப் பிறகு எருமை தின்றுகொண்டிருந்த புல் காடாக வளர்ந்து தண்ணீரை மூடியது. பறவைகளுக்கு இடம் குறைந்தது. இதைக் கண்டறிந்து சொன்னது வேறு யாருமல்ல, அவருடைய பம்பாய்க் கழகமே பத்து வருஷம் அங்கே நடத்திய ஆய்வு. ஒரு மனிதரின் கருத்தை அவர் வளர்த்த ஸ்தாபனமே சோதித்துத் தவறு என்று எழுதுகிறது. அவர் பழக்கி வைத்த ஒழுங்கு அப்படி. தணிக்கையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதற்கு நான் தலைவணங்குகிறேன்.

கொக்குகள் வராமல் போனதற்கு வழியில் நடந்த வேட்டை ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். 1990களில் கூண்டில் வளர்த்த கொக்குகளைப் பரத்பூரில் விட்டுப் பார்த்தார்கள். அவை காட்டுக் கொக்குகளோடு சேர்ந்து வடக்கே போகவில்லை. சைபீரியக் கொக்கு உலகில் அழிந்துவிடவில்லை. கிழக்கு சைபீரியாவில் பிறப்பவை ஆயிரக்கணக்கில் சீனாவின் போயாங் ஏரிக்கு இன்றும் வருகின்றன. இந்தியாவுக்கு வரும் வழி தெரிந்த குடும்பம்தான் இல்லாமல் போயிற்று. தாத்தா பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழி அது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அறுந்துவிடும்.

சாலிம் அலிக்கு மிகவும் கவலை அளித்த இன்னொரு பறவை கானமயில். 1960களின் தொடக்கத்தில் தேசியப் பறவை எது என்ற பேச்சு வந்தபோது அவர் இதைத்தான் சிபாரிசு செய்தார். நம் துணைக்கண்டத்துக்கே உரியது, கம்பீரமானது, ஆபத்தில் இருப்பது. தேசியப் பறவை ஆக்கினால் நாட்டின் கவனம் அதன் மேல் திரும்பும் என்பது அவர் எண்ணம். அதன் ஆங்கிலப் பெயரைத் தப்பாக எழுதினால் அசிங்கமாகிவிடும் என்ற பயமும் அதை ஒதுக்கியதற்கு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. 1963-ல் மயில் தேர்வாயிற்று. மயிலுக்கு அன்றும் குறைவில்லை, இன்றும் குறைவில்லை. 1969-ல் சுமார் 1,260 என்று கணக்கிடப்பட்ட கானமயில்தான் இன்றைய நிலைக்கு வந்துவிட்டது.

அது ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டையிடும், தரையில். நாயும் நரியும் தின்றுவிடும். புல்வெளியைத் தரிசு என்று சொல்லி உழுதுவிட்டோம். கனமான பறவை, நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பறக்கும்போது மின்கம்பியில் மோதிச் சாகிறது. இந்தக் கம்பிகள் விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2021-ல் ஓர் உத்தரவும் 2024-ல் அதில் மாற்றமும் வந்தன. சூரிய மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்னும்போது தீர்ப்பு எளிதில்லை. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஜெய்சால்மேர் மாவட்டத்தில் சம், ராம்தேவ்ரா ஆகிய இடங்களில் முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2025-ல் அங்கே வளர்ப்புப் பறவைகள் ஐம்பதைத் தாண்டின.

ஆகவே எங்கள் திட்டம் இதுதான். ஜோத்பூர் வரை ரயில், அங்கே ஒரு நாள் ஓய்வு, பிறகு ஜெய்சால்மேர். கோடையும் மழையும் அது குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. குளிர்காலமே உசிதம். பாலைவன தேசியப் பூங்காவில் சுதாசரி என்ற வேலியிட்ட புல்வெளிப் பகுதி இருக்கிறது. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். ஒரே காலைப் பொழுதை நம்பாமல் மூன்று காலைகளை ஒதுக்கியிருக்கிறேன். விடியற்காலையில் போய், ஜீப்பை விட்டு இறங்காமல், மண் நிற உடையில், சத்தம் போடாமல் காத்திருக்க வேண்டும். ஜீப்பிலேயே உட்கார்ந்து பார்ப்பதால் முழங்கால் பிரச்னை இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே அதை விசாரித்து வைத்திருந்தாள். புளியோதரையும் தட்டையும் அவள் இலாகா. பைனாகுலர் என் இலாகா. பேரனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டில் எழுதிப் பழகுவதற்காக இரண்டு மாதமாக எங்கள் காலனி வேப்பமரத்துப் பறவைகளைத் தினமும் கால்மணி நேரம் பார்க்கிறான். இதுவரை பதினெட்டு வகை. ஜெய்சால்மேரில் கானமயில் கிடைக்காவிட்டால் என்ன எழுதுவது என்று கேட்டான். தேதி, இடம், நேரம், காணவில்லை என்று எழுது என்றேன். சாலிம் அலி தாத்தாவும் அப்படித்தான் எழுதினார் என்று சொல்லி இமயமலைக் காடையின் கதையைச் சொன்னேன்.

என் மனைவிக்கு ஒரே ஒரு நிபந்தனை. டிக்கெட் வாங்கிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும், யார் வீட்டு விசேஷத்துக்காகவும், தேதியை மாற்றக் கூடாது. எனவே உறவினர்களும் சங்க அன்பர்களும் ஜனவரி மூன்றாவது வாரத்தில் எங்களை எதற்கும் எதிர்பார்க்க வேண்டாம் என்று இதன் மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். போய் வந்த விவரத்தை, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஏப்ரல் இதழுக்கு எழுதி அனுப்புகிறேன்.